தாய்க்கப்பலின் கழுத்து வளைவு

மத்தூர் அருகில்
9 மார்ச் 2025, ஞாயிறு

ராஜசேகர் அண்ணாவுக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கேட்டுத் தலைமையாசிரியருக்கு எழுதியதுதான் கடைசி. போன் இன்னும் எச்.ஆர். மேசையில் இருக்கிறது. "செக் பண்ணிட்டுத் தர்றோம்" என்று வாங்கி வைத்தார்கள். சஸ்பென்ஷன் உத்தரவின் மூன்றாவது பத்தியில், விசாரணை முடியும்வரை கம்பெனியில் வேலை செய்யும் யாரோடும் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று இருக்கிறது. அதனால்தான் உறைமேல் சௌமியா அண்ணி பெயரை எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூட டீச்சருக்கு எழுதக் கூடாது என்று எந்தப் பத்தியிலும் இல்லை.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். அதில் நீங்களும் இருப்பதால் முதலில் உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

"என் பெயர் தமிழரசன், வயது இருபத்தெட்டு. ஐந்து வருடமாக சிஎன்சி கடைசல் பிரிவில் ஆபரேட்டர். ஷிப்ட் இன்சார்ஜ் ராஜசேகர். மூன்று வருடமாக ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிறு மாலை நான்கு மணிக்கு பாகலூர் ரோட்டில் அவர் வீட்டில் கூடுவோம். அவர், அவர் மனைவி சௌமியா, எதிர்வீட்டு ஹரீஷ்குமார், நான். பலகை விளையாட்டு ஒன்று விளையாடுவோம். அது ஹரீஷ்குமார் பெங்களூரில் வாங்கியது. அறுகோணத் தட்டுகளை அடுக்கினால் நட்சத்திர மண்டலம் வரும். ஆளுக்கு ஒரு பேரரசு. கப்பல் கட்டி, கிரகம் பிடித்து, ஒப்பந்தம் போட்டு, ஒப்பந்தத்தை உடைத்து ஆட வேண்டும். ஒரு ஆட்டம் முடிய ஆறு மணி நேரம் ஆகும். பிளாஸ்டிக் கப்பல்களில் பன்னிரண்டு தொலைந்தும் உடைந்தும் போயின. அவற்றைப் பித்தளையில் கடைந்து தருவதாகச் சொன்னேன். ஸ்கிராப் தொட்டியில் கிடந்த துண்டுகளை எடுத்துக்கொள்ள ஷிப்ட் இன்சார்ஜ் வாய்மொழியாக அனுமதி கொடுத்தார்."

இந்தக் கடைசி வரி இருக்கலாமா? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நம் மேசை வழக்கத்தை எழுதவில்லை. பேச்சுவார்த்தையில் யாரும் எந்தப் பொய்யும் சொல்லலாம், ஆளுக்கு ஒன்றாக இருக்கும் பெரிய தாய்க்கப்பல்மேல் விரல் வைத்துச் சொன்னதை மட்டும் மாற்றக் கூடாது என்று அண்ணி போட்ட விதியை எச்.ஆருக்கு எப்படிப் புரியவைப்பது?

கேட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு செக்யூரிட்டி திம்மராயன் அண்ணன் என் சாப்பாட்டுப் பையைப் பிரித்தார். ஐந்து வருடத்தில் அன்றுதான் முதல் தடவை. உள்ளே இருந்த துணி முடிச்சை அவிழ்த்துவிட்டு, "இது ஏனு தமிழ்?" என்று பாதிக் கன்னடத்தில் கேட்டார்.

"கப்பலுண்ணா."

"ஓசூருக்கு ஏதுப்பா கடலு?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "தண்ணிக் கப்பல் இல்லண்ணா, ஆகாயத்துல போறது" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். நம் கம்பெனி விமானத்துக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

இன்று இரண்டாவது ஞாயிறு.

தமிழரசன்


ஓசூர்
14 மார்ச் 2025

தமிழ்,

அந்த வரி இருக்கட்டும். நான்தானே சொன்னேன். ஜனவரி கடைசியில், தொட்டி நிறைந்து வழிந்தபோது, "கெடக்கறத எடுத்துக்கோடா, எடைக்குத்தான் போவப்போவுது" என்றேன். பக்கத்தில் இரண்டு டிரெய்னிகள் இருந்தார்கள். யார் கேட்டாலும் சொல்கிறேன். தாய்க்கப்பலைத் தொட்டுச் சொல்கிறேன் என்று எழுதியிருப்பேன், ஆனால் அது எச்.ஆர். பீரோவில் இருக்கிறது.

போனில் கூப்பிடாமல் எழுதியது நல்லதுதான். நம் வாட்ஸ்அப் குழுவில் இருந்ததையெல்லாம் நாற்பத்தொரு பக்கம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். என்னை அழைத்து ஒரு பக்கத்தைக் காட்டினார்கள். "வியாழக்கிழமைக்குள் சரணடையாவிட்டால் உன் தலைநகரை எரிப்பேன்" என்று ஒரு செய்தி. எச்.ஆர். அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "யாரு சார் இது?" என்றார். என் மனைவி என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. எனக்கு அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

மேனேஜரிடம் பேசினேன். ஒரு வார்னிங் லெட்டரோடு முடிந்துவிடும் என்கிறார். பித்தளை மொத்தமே அரைக் கிலோ இல்லை. நீ வீட்டில் இரு, நன்றாகச் சாப்பிடு, அம்மாவிடம் லீவு என்று சொல்.

ஞாயிற்றுக்கிழமை ஹரீஷ் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். மேசையில் வைத்தோம், பிரிக்கவில்லை. "மூணு பேரு ஆடுனா ரெண்டு பேரு சேந்து ஒருத்தன அடிப்பாங்க, அவ்ளோதான்" என்றான். சௌமியா, "தமிழ் வரட்டும்" என்று காபி போடப் போய்விட்டாள். ஐந்தரைக்கு ஹரீஷ் பெட்டியோடு போய்விட்டான்.

ஒன்று மட்டும். எழுதித் தருவதில் தாய்க்கப்பல் என்று தனியாக எழுதாதே. பன்னிரண்டு கப்பல் என்று பொதுவாக எழுது. பெரிசு நான்கு, சின்னது எட்டு என்றெல்லாம் பிரிக்க வேண்டாம். காரணம் ஒன்றுமில்லை. விளக்கம் குறைந்தால் கேள்வியும் குறையும்.

ராஜசேகர்


மத்தூர் அருகில்
22 மார்ச் 2025

அண்ணா,

காரணம் இல்லாமல் நீங்கள் அப்படி எழுதவில்லை என்று இப்போது தெரிகிறது.

குற்றச்சாட்டு நேற்று பதிவுத் தபாலில் வந்தது. முதல் குற்றச்சாட்டு பித்தளை. இரண்டாவது தாய்க்கப்பல். தரப் பிரிவில் அதை ப்ரொஜெக்டரில் வைத்து நிழலைப் பெரிதாக்கி, விமான எரிபொருள் குழாய் இணைப்பின் வரைபடத்தை அதன்மேல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். கழுத்து வளைவு அப்படியே பொருந்துகிறது. "வாடிக்கையாளரின் ரகசிய வடிவத்தை அனுமதியின்றி நகலெடுத்து வளாகத்துக்கு வெளியே கொண்டு செல்ல முயன்றது" என்று எழுதியிருக்கிறார்கள்.

பொய் இல்லை. நான் நகலெடுத்தேன். அந்த இணைப்பைக் கடைகிற இயந்திரத்தின் ப்ரோகிராமில் அறுபதாவது வரியிலிருந்து எண்பத்துநான்காவது வரிவரை எடுத்துப் பாதி அளவுக்குச் சுருக்கினேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஞாபகம் இருக்கிறதா? மாதிரிக்கு ஒரு தாய்க்கப்பல் கடைந்து கொண்டுவந்தேன். ஹரீஷும் அண்ணியும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நீங்கள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். "கழுத்து சரியில்லடா. நம்ம ஃபிட்டிங் கழுத்த வையி. நகம் வெச்சா தட்டக்கூடாது" என்றீர்கள். அந்தக் குழாய் இணைப்பைத்தான், ஐந்து வருடமாக நாளுக்கு அறுபது எழுபது ஃபிட்டிங் செய்கிறோம். எங்கே போகிறது, எந்த விமானத்தில் மாட்டுகிறார்கள், நமக்குத் தெரியாது. அந்தக் கழுத்து அழகு என்பது மட்டும் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நம் மேசைமேல் பார்க்கலாம் என்று எனக்கு ஆசையாக இருந்தது. இது தப்பு என்று அன்றைக்கு நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

லீவு என்று சொன்னதை அப்பா நம்பவில்லை. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாத்தடா திருடுன?"

"திருடலப்பா. வெளையாட்டுச் சாமான் செஞ்சேன்."

"யாரு ஊட்டுக் கொழந்தைக்கு?"

"நாங்க வெளையாடத்தான்."

 "திருடுனேன்னே சொல்லிருடா. ஊர்ல கேட்டா சொல்றதுக்காவது ஆவும்" என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

டிஸ்மிஸ் ஆனால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஓசூரிலும் சூளகிரியிலும் முந்தின கம்பெனியைக் கேட்காமல் யாரையும் எடுப்பதில்லை. வரைபடம் திருடியவன் என்று ஒரே ஒருவர் சொன்னால் போதும், கடைசல் இயந்திரத்தின் பக்கத்தில் இனி யாரும் என்னை நிற்கவிட மாட்டார்கள். எனக்கு வேறு வேலையும் தெரியாது.

27ஆம் தேதி விசாரணை. வெல்டிங் கோவிந்தப்பன் அண்ணன் எனக்குத் துணையாக உட்காருகிறார். கழுத்து வளைவை வைக்கச் சொன்னது நீங்கள் என்று நான் சொல்லவில்லை, இதுவரை. அதை நீங்களே சொன்னால் நல்லது. என் வாயிலிருந்து வந்தால் மாட்டிவிடுகிற மாதிரி இருக்கும்.

தமிழரசன்


ஓசூர்
30 மார்ச் 2025

தமிழ்,

விசாரணையில் நீ எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன். அதற்கு முந்தின நாள் நடந்தது உனக்குத் தெரியாது.

புதன்கிழமை மேனேஜர் என்னை அழைத்துக் கதவைச் சாத்தச் சொன்னார். ப்ரொஜெக்டர் படம் வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போய்விட்டதாம். வேண்டுமென்று யாரும் அனுப்பவில்லை. வரைபடம் சம்பந்தப்பட்ட எதைப் பதிவு செய்தாலும் அவர்களுக்கு ஒரு நகல் தானாகப் போகும்படிதான் தரப் பிரிவில் ஏற்பாடு. பதிவு செய்த பையனுக்கே அது தெரியவில்லை.

"ஒரு ஆபரேட்டருக்கு மட்டும் தெரியும்னா அது ஒரு ஆளோட தப்பு, ராஜசேகர்" என்றார். "இன்சார்ஜுக்கும் தெரியும்னா அது கம்பெனி தப்பு. ஆடிட் வரும், லைன நிறுத்துவான். அந்த லைன்ல நூத்தி நாப்பது பேரு இருக்காங்க. பாத்து நீயே சொல்லு."

அவர் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நான் ஒப்புக்கொண்டால் உன்னை விட்டுவிடுவார்களா என்று யோசித்தேன். விடமாட்டார்கள். நீ போவாய், நானும் போவேன், லைனும் போகும். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் உன் காய் வெட்டுப்படுகிறது. நான் பொய் சொல்லவில்லை, தமிழ். பித்தளை எடுக்கச் சொன்னதைச் சொன்னேன். வளைவைப் பற்றிக் கேட்டபோது பேசாமல் இருந்தேன். அவ்வளவுதான். பேசாமல் இருந்தது தப்பு என்றால், தப்புதான்.

நீ எப்படி இருக்கிறாய்? அப்பா ஏதாவது சொன்னாரா?

ராஜசேகர்


மத்தூர் அருகில்
4 ஏப்ரல் 2025

ராஜசேகர் சார் அவர்களுக்கு,

போன் திரும்ப வந்துவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன். பேசினால் குரல் உயர்ந்துவிடும்.

நீங்கள் எழுதியதில் சில வரிகள் விட்டுப்போயிருக்கின்றன. கோவிந்தப்பன் அண்ணன் அங்கேயே குறித்து வைத்ததிலிருந்து எழுதுகிறேன்.

விசாரணை அதிகாரி: "தொட்டியிலேர்ந்து எடுக்கச் சொன்னீங்களா?"

நீங்கள்: "பொதுவா எப்பவாச்சும் சொல்லியிருக்கலாம் சார். சரியா ஞாபகம் இல்ல."

"இந்த வளைவு எந்த டிராயிங்ல இருக்குன்னு தெரியுமா?"

"டிராயிங் ஆபரேட்டர்கிட்டதான் சார் இருக்கும்."

"இந்தப் பீஸ இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"செக்யூரிட்டி புடிச்ச அப்பறந்தான் சார் பாத்தேன். அவனா பண்ணது, எனக்குத் தெரியாது."

இது பேசாமல் இருந்தது இல்லை.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். கோவிந்தப்பன் அண்ணன் என் தொடையை அழுத்தி, "உக்கார்றா. இப்ப நீ இன்னா சொன்னாலும் மாட்டுனவன் சொல்றான்னுதான் எழுதுவான்" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு தாய்க்கப்பல்களும் மேசைமேல் இருந்தன, தனித்தனி பிளாஸ்டிக் கவரில், எண் போட்டு. நீங்கள் பதினோரு நிமிடம் பேசினீர்கள். அந்தப் பதினோரு நிமிடமும் உங்கள் இரண்டு கையும் மேசைக்குக் கீழே இருந்தன. நான் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூற்றுநாற்பது பேரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்காகத்தான் என்றால் அதை என்னிடம் முதல் நாளே சொல்லியிருக்கலாம். நானே சரி என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அதை யோசிக்க எனக்கு ஒரு நாள் கொடுத்திருக்கலாம்.

இப்படிக்கு,
தி. தமிழரசன்


ஓசூர்
23 ஏப்ரல் 2025

தமிழ்,

டிஸ்மிஸ் உத்தரவு 15ஆம் தேதி நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டது. நான் அதைப் படிக்கவில்லை. ஷிப்டில் எல்லாரும் படித்தார்கள். படித்த பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

உன் போன கடிதத்தை முதலில் படித்தது சௌமியா. உறைமேல் அவள் பெயர்தானே. சமையலறையில் நின்றுகொண்டே முழுவதும் படித்தாள். அடுப்பை அணைத்துவிட்டு என்னிடம் நீட்டினாள். "இதுல எது பொய்?" என்றாள். எதுவும் இல்லை என்றேன். அன்றிலிருந்து வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. போன மாதமும் இந்த மாதமும் இரண்டாவது ஞாயிறு வெறுமனே போயிற்று. ஹரீஷ் கதவைத் தட்டினான். "என் வூட்ல இனிமே அந்த ஆட்டம் வேணாம் ஹரீஷ்" என்று அவளே சொல்லி அனுப்பிவிட்டாள்.

19ஆம் தேதி இரண்டு பக்கம் எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். கழுத்து வளைவை வைக்கச் சொன்னது நான், ஞாயிறு மாலை, என் வீட்டில், இரண்டு பேர் முன்னிலையில், விசாரணையில் நான் சொன்னது பொய் என்று எழுதினேன். அவர் நிதானமாகப் படித்தார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு மெயிலைக் காட்டினார். வாடிக்கையாளருக்குப் போன அறிக்கை. காரணம்: தனி ஆபரேட்டர். நடவடிக்கை: பணிநீக்கம். தேதி மார்ச் 18. உன் விசாரணைக்கு ஒன்பது நாள் முன்னால். உன் கைக்குக் குற்றச்சாட்டே வராத நாள்.

"நீ அன்னிக்கு உண்மையச் சொல்லியிருந்தாலும் இதத்தான் அனுப்பியிருக்கோம்" என்றார். என் தாளை மடித்து என் சட்டைப்பையில் அவரே வைத்தார். "வெச்சுக்க. எங்கயும் ஃபைல் பண்ண எடம் இல்ல."

முதலாளிக்கு மெயில் அனுப்பினேன். மூன்றாம் நாள் அது மேனேஜருக்கே திரும்பி வந்தது. அவர் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. காலையில் வழக்கம்போல வணக்கம் சொல்கிறார். அரசியல்வாதி யாரையாவது பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். பார்த்து என்ன சொல்வது? ஒரு பொம்மையின் கழுத்து என்றா?

நீ தொழிலாளர் துறையில் மனு கொடுத்திருப்பதாகக் கோவிந்தப்பன் சொன்னார். அந்த இரண்டு பக்கத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். அசல், என் கையெழுத்தோடு. நீ அதை என்ன வேண்டுமானாலும் செய். நான் எதுவும் கேட்கமாட்டேன்.

ராஜசேகர்


கிருஷ்ணகிரி
28 மே 2025

அண்ணா,

உங்கள் தாள் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இங்கே மாங்கூழ் ஆலை ஒன்றில் இருக்கிறேன். சீசன் வேலை, ஜூலை வரை. பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து வாசலில் நிற்கிறது. கழுவும் தொட்டியிலிருந்து பழம் ஏறுகிற பெல்ட்டுக்குக் காவல். பேரிங் சத்தம் மாறினால் நிறுத்த வேண்டும், பெல்ட் ஒதுங்கினால் இழுத்துவிட வேண்டும். இங்கே எல்லா அளவும் கண்ணால்தான். விரல் அளவு முன்னே பின்னே இருந்தாலும் யாரும் கேட்பதில்லை. முதல் வாரம் எனக்கு அது தாங்கவில்லை. இப்போது பழகிவிட்டது. பழகியதுதான் பயமாக இருக்கிறது.

தாளைக் கோவிந்தப்பன் அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"நல்லாத்தான் எழுதிகீறான். மொதல்லயே எழுதியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

"குடுக்கலாமாண்ணா?"

"குடுத்தா அவனும் வெளிய வருவான் தம்பி. நீ உள்ள போவியான்னு கேட்டா, எனக்குத் தெரில."

"குடுக்காம இருந்தா?"

"அப்பவும் தெரில."

அவர் முப்பத்திரண்டு வருடம் சங்கத்தில் இருந்தவர். தெரியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஐந்து நாள் யோசித்துவிட்டு தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டினேன். தாளை மட்டும் வைத்துக்கொண்டால் போதாது, கம்பெனி இதை மறுக்கும், எழுதியவர் நேரில் வந்து சொன்னால்தான் அதற்கு எடை என்றார்கள். ஜூன் 19, வியாழன், காலை பதினோரு மணி. கிருஷ்ணகிரியில்.

வந்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அண்ணிக்கும் தெரியும். அதனால் வாங்க என்று எழுதமாட்டேன். வராதீங்க என்று எழுதவும் என்னால் முடியவில்லை. தேதியை மட்டும் எழுதியிருக்கிறேன்.

தமிழரசன்


ஓசூர்
20 ஜூன் 2025

தமிழ்,

நேற்று வந்தேன்.

முதல் நாளே லீவு எழுதிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் 'சாட்சி சொல்ல' என்றே எழுதினேன். மேனேஜர் படித்துவிட்டு, "போயிட்டு வாப்பா" என்றார், ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவனிடம் சொல்வது போல. எனக்கு அது விசித்திரமாக இருந்தது. வேலை போகப்போகிறது என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். சௌமியா சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். இரண்டரை மாதத்தில் அவளாக எனக்குச் செய்த முதல் வேலை அது.

பத்தரைக்கே வந்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கழுத்து வளைவை வைக்கச் சொன்னது நான். தேதி பிப்ரவரி ஒன்பது. பதினோரு மணிக்கும் நீ வரவில்லை. கம்பெனியிலிருந்தும் யாரும் இல்லை. உள்ளே போய்க் கேட்டேன். மணிமேகலை என்று மேசையில் பெயர் வைத்திருந்த அம்மா பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"தமிழரசனா? அது திங்கக்கெழமையே முடிஞ்சிருச்சே சார். ரெண்டு பார்ட்டியும் வந்து கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"நான் அவருக்குச் சாட்சி சொல்ல வந்தேன்மா."

"எதுக்கு சார்? கேஸே இல்லையே."

"சொல்றத எழுதியாவது வெச்சுக்கங்க."

"எதுல சார் எழுதறது?"

அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே எதில் எழுதுவது என்றுதான் கேட்டார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றும் கேட்டார்.

வெளியே வந்து கேட் பக்கத்தில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. உன் போனுக்கு நான்கு தடவை அடித்தேன். எடுக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை, தமிழ்? திங்கட்கிழமை முடிந்ததை வியாழக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்ன கையெழுத்துப் போட்டாய்? என்னால் கெட்டதை என்னாலேயே சரி செய்ய ஒரே ஒரு நாள் இருந்தது. அதையும் நீ எடுத்துக்கொண்டாய்.

இதைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று எழுதாதே. அது எனக்குத் தெரியும்.

ராஜசேகர்


கிருஷ்ணகிரி
25 ஜூன் 2025

அண்ணா,

கையெழுத்துப் போட்ட திங்கட்கிழமையே உங்களுக்கு எழுதினேன். தபால் பெட்டிவரை கொண்டுபோனேன். போடவில்லை.

நடந்ததை எழுதுகிறேன். 13ஆம் தேதி கம்பெனியிலிருந்து ஒருவர் ஆலைக்கே வந்தார். டிஸ்மிஸை எடுத்துவிடுகிறோம், நானாக ராஜினாமா செய்ததாக மாற்றிக்கொள்கிறோம், ஐந்து வருடத்துக்கு நல்ல சான்றிதழ் தருகிறோம் என்றார். சூளகிரியில் புதிதாக வந்திருக்கிற ஒரு கம்பெனி கடைசலுக்கு ஆள் எடுக்கிறது. நான் போய் டெஸ்ட் பீஸ் கடைந்து காட்டிவிட்டு வந்திருந்தேன். அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஜூன் 20க்குள் சான்றிதழ் கேட்டார்கள். 19ஆம் தேதி நீங்கள் வந்து சொல்லியிருந்தாலும் அடுத்த தேதி செப்டம்பரில்தான். கோவிந்தப்பன் அண்ணனைக் கேட்டேன். "போட்ருடா" என்றார். போட்டுவிட்டேன்.

ஒப்பந்தத்தில் ஐந்து பத்தி. நான்காவது பத்தி இது: "மேற்படி செயலை நான் என் சொந்த விருப்பத்தில் தனியாகச் செய்தேன். இதில் கம்பெனி ஊழியர் வேறு எவருக்கும் பங்கோ தகவலோ இல்லை. இதற்கு மாறாக என்னாலோ என் சார்பில் வேறு எவராலோ ஏதும் சொல்லப்பட்டால் இந்தச் சான்றிதழ் செல்லாது." படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். இதற்கு மேல் யார் வந்து என்ன சொன்னாலும் அது எனக்கு எதிராகத்தான் போகும்.

இதை எழுதிய கடிதத்தைத்தான் போடாமல் வைத்துக்கொண்டேன். நீங்கள் வருவீர்களா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. வேறு காரணம் இல்லை. அது சரியில்லை என்று தெரிந்தும் செய்தேன்.

வியாழக்கிழமை ஆலையில் இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டேன். தொழிலாளர் அலுவலகத்துக்கு எதிரில் இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி, கைக்குட்டையால் ஷூவைத் துடைத்துக்கொண்டு படியேறியதைப் பார்த்தேன். ஃபைலை நெஞ்சோடு பிடித்திருந்தீர்கள். வெளியே வந்து கேட் பக்கத்தில் நாற்பது நிமிடம் நின்றீர்கள். போன் என் கையில்தான் அடித்துக்கொண்டிருந்தது. எழுந்து இரண்டடி வந்தேன். உங்களோடு நின்று பேசுவதைக் கம்பெனி ஆள் யாராவது பார்த்தால் நான்காவது பத்தி என்ன ஆகும் என்று தோன்றியது. மறுபடி உட்கார்ந்துவிட்டேன். டீக்கடைக்காரர், "யாருப்பா அவரு, ரொம்ப நேரமா நிக்கறாரு?" என்றார். தெரியலண்ணா என்றேன்.

ஜூலை ஒன்று, செவ்வாய்க்கிழமை, சூளகிரியில் சேர வேண்டும். அதற்கு முன்னால் அவர்கள் பழைய கம்பெனிக்குப் பேசுவார்கள். மேலதிகாரி என்ற இடத்தில் உங்கள் பெயரையும் எண்ணையும் எச்.ஆர். கொடுத்திருக்கிறார்கள். ஏன் ராஜினாமா செய்தான், காதில் விழுந்த அந்த வரைபட விஷயம் என்ன, உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்பார்கள். நீங்கள் இப்போது இருக்கிற மனநிலையில் உண்மையைச் சொல்லிவிடுவீர்களோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

சொல்லாதீங்க அண்ணா. சின்னப் பையன், ஏதோ பொம்மை செய்தான், அவனாகச் செய்தது, எனக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். நடுவில் நிறுத்த வேண்டாம். குரல் மாறக் கூடாது. விசாரணையில் எப்படிச் சொன்னீர்களோ அப்படியே.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேல் அழைப்பார்களாம். புது நம்பராக இருக்கும். எடுத்துவிடுங்கள்.

தமிழரசன்